வாடகைக்கு இருப்பவர் சொல்லித்தான் தெரிந்தது: அம்மா வீட்டின் சொத்து வரிப் பாக்கி

சிங்கப்பூரில் சொத்து வரி பாக்கி விழுந்தால் அந்தச் செய்தி முதலில் வீட்டுக்காரருக்குத்தான் வரும் என்று சொல்ல முடியாது. எங்கள் விஷயத்தில் வாடகைக்கு இருந்த குடும்பத்துக்குத்தான் முதலில் தெரிந்தது. அதன் பிறகுதான் எனக்கும், என் மூலமாக அம்மாவுக்கும் தெரிந்தது. தொகை ஒன்றும் குடியை மூழ்கடிக்கிற அளவு இல்லை, எல்லாம் சேர்த்து 1,890 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஆனால் அந்தத் தொகையைச் சுற்றி நடந்த அலைச்சல், அண்ணனோடு வந்த மனக்கசப்பு, தேவையே இல்லாமல் ஒருவருக்குக் கொடுத்த காசு, இதையெல்லாம் யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் தவிர்த்திருக்கலாம். அப்பாவோ அம்மாவோ தவறிய பிறகு வீட்டை வாடகைக்கு விட நினைக்கிற குடும்பங்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் காகித வேலை எல்லாம் அப்பாதான் பார்ப்பார். செம்பவாங்கில் ஐந்தறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, அப்பா அம்மா இருவர் பெயரிலும் கூட்டு உரிமை. நகர மன்றக் கட்டணம், மின்சாரம், தண்ணீர், சொத்து வரி எல்லாம் அப்பாவின் வங்கிக் கணக்கிலிருந்து ஜைரோ என்ற ஏற்பாட்டில் தானாகப் போய்விடும். 2024 ஆகஸ்டில் அப்பா காலமானார். கூட்டு உரிமை என்பதால் வீடு முழுவதும் அம்மாவுக்கு வந்துவிட்டது, பதிவேட்டிலும் பெயரை மாற்றிவிட்டோம். அப்பாவின் கணக்கு அவர் ஒருவர் பெயரில் மட்டுமே இருந்தது. இறப்பைத் தெரிவித்ததும் வங்கி அதை முடக்கியது. அது வங்கியின் நடைமுறை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கணக்கு முடங்கினால் அதில் தொங்கிக்கொண்டிருந்த ஜைரோக்கள் எல்லாம் சேர்ந்து விழுந்துவிடும். மின்சாரக் கட்டணம் நின்றதும் ஒரே மாதத்தில் நினைவூட்டல் வந்தது. நகர மன்றமும் கடிதம் போட்டது. இரண்டையும் அம்மாவின் கணக்குக்கு மாற்றினோம். சொத்து வரி வருடத்துக்கு ஒருமுறை பில் வரும் சமாச்சாரம், அது அந்த நேரத்தில் யார் கண்ணிலும் படவில்லை.

இங்கே ஒரு விஷயம். அம்மா கடைசி வரை நம்பிக்கொண்டிருந்தது, “நகர மன்றத்துக்கு மாசாமாசம் கட்டுறோமே, அதுதானே வீட்டு வரி?” என்று. நிறைய மூத்தவர்கள் இப்படித்தான் நினைக்கிறார்கள். நகர மன்றத்துக்குக் கட்டுவது புளோக்கைக் கூட்டிப் பெருக்குவதற்கும் மின்தூக்கிப் பராமரிப்புக்கும். சொத்து வரி சிங்கப்பூர் உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு, அதாவது ஐராஸுக்குப் போவது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. சொத்து வரி அந்த வருடத்துக்கான மொத்தத்தையும் ஜனவரி 31க்குள் முன்கூட்டியே கட்ட வேண்டிய ஒன்று. ஜைரோ போட்டிருந்தால் மட்டும் வட்டியில்லாமல் 12 மாதத் தவணையாகப் பிரித்துக் கொடுப்பார்கள்.

அப்பா போன பிறகு அம்மாவைத் தனியாக விட மனமில்லாமல் ஈசூனில் உள்ள என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். பெர்த்தில் இருக்கும் அண்ணன்தான், “சும்மா பூட்டி வைப்பானேன், வாடகைக்கு விட்டால் அம்மாவின் பணிப்பெண் செலவுக்கு ஆகுமே” என்றான். சரியான யோசனைதான். அம்மா குடியுரிமை பெற்றவர், குறைந்தபட்சக் குடியிருப்புக் காலமும் (வாடகைக்கு விடும் முன் உரிமையாளர் அங்கே வசித்தாக வேண்டிய காலம்) என்றோ முடிந்துவிட்டது, அதனால் முழு வீட்டையும் வாடகைக்கு விட வீவக அனுமதி கிடைத்தது. ஒரு முகவர் மூலம் மாதம் 3,400 வெள்ளிக்கு 2025 ஜனவரி முதல் தேதியில் இருந்து தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த ஒரு குடும்பத்துக்கு விட்டோம். வரி எதுவும் மாறுமா என்று அந்த முகவரிடம் நான் கேட்டது நன்றாக நினைவிருக்கிறது. “ஒன்றும் இல்லை அக்கா, எல்லாம் ஆட்டோமேட்டிக்” என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. வரி விகிதம் தானாகத்தான் மாறியது. ஆனால் கூடுகிற வரியைத் தானாகக் கட்ட எந்தக் கணக்கும் இணைக்கப்பட்டிருக்கவில்லை.

எவ்வளவு மாறும் என்று தெரியாதவர்களுக்காகக் கணக்கைச் சொல்கிறேன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஐராஸ் ஓர் ஆண்டு மதிப்பு வைத்திருக்கும். அறைகலன், பராமரிப்புக் கட்டணம் சேர்க்காமல் அந்த வீடு வருடத்துக்கு என்ன வாடகை போகும் என்ற மதிப்பீடு அது. எங்கள் வீட்டுக்கு 15,000 வெள்ளி. சொந்தக்காரர் அங்கேயே குடியிருந்தால் 2025 முதல் ஆண்டு மதிப்பில் முதல் 12,000 வெள்ளிக்கு வரியே கிடையாது, அடுத்த 28,000 வெள்ளிக்கு 4 விழுக்காடு. ஆக மீதி 3,000 வெள்ளிக்கு 120 வெள்ளி. அதிலும் 2025இல் குடியிருக்கும் வீவக உரிமையாளர்களுக்கு 20 விழுக்காடு தள்ளுபடி கொடுத்தார்கள், அதனால் 96 வெள்ளி. மாதத்துக்குப் பார்த்தால் 8 வெள்ளி. காப்பிக்கடையில் ஒரு வேளை சாப்பாடு. சொந்தக்காரர் குடியிருக்கவில்லை என்றால் அந்த இலவசப் படியும் இல்லை, தள்ளுபடியும் இல்லை. முதல் 30,000 வெள்ளிக்கு 12 விழுக்காடு. 15,000 வெள்ளிக்கு 1,800 வெள்ளி. அதே வீடு, அதே சுவர், வரி மட்டும் 96லிருந்து 1,800. தனியார் வீடு வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் கடுமை, மதிப்பு ஏற ஏற விகிதம் 36 விழுக்காடு வரை போகும்.

பூட்டி வைத்தால் தப்பிக்கலாமே என்று நினைக்காதீர்கள். காலி வீட்டுக்குக் கொடுத்த வரித் திருப்பிக்கொடுப்பை 2014லேயே நிறுத்திவிட்டார்கள். அம்மா என் வீட்டில்தான் இருக்கிறார், அவருக்கு வேறு சொத்து கிடையாது, அதனால் சலுகை உண்டா என்றும் கேட்டுப் பார்த்தேன். இல்லை. உரிமையாளர் அந்த வீட்டில் வசிக்கிறாரா என்பதுதான் கேள்வி. மாறாக, அம்மா அங்கேயே இருந்துகொண்டு ஓர் அறையையோ இரண்டு அறைகளையோ மட்டும் வாடகைக்கு விட்டிருந்தால் குறைந்த விகிதமே தொடர்ந்திருக்கும். இதை முன்பே தெரிந்திருந்தால் நாங்கள் வேறு மாதிரி யோசித்திருப்போமோ என்னவோ. கணவன் மனைவி இருவருக்கும் ஆளுக்கொரு வீடு இருந்தாலும் இருவருக்கும் சேர்த்து ஒரு வீட்டுக்குத்தான் அந்தச் சலுகை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் தோழி ஒருத்தி இதில் மாட்டிக்கொண்டாள்.

சரி, கதைக்கு வருகிறேன். வருட நடுவில் ஒரு நாள், வாடகைக்கு இருந்த தம்பி போன் செய்தார். குரல் நடுங்கியது. “அக்கா, வரி ஆபீஸ்லேர்ந்து லெட்டர் வந்திருக்கு. வாடகையை உங்களுக்குக் குடுக்காம அவங்களுக்குக் கட்டச் சொல்றாங்க. எங்க வேலை பாஸுக்கு எதுவும் பிரச்சினை ஆகுமா?” என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. முதலில் மோசடியாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அம்மாவின் பெயர், வீட்டு முகவரி, பாக்கித் தொகை எல்லாம் சரியாக இருந்தது. வரி பாக்கி இருந்தால் அதைத் தரச்சொல்லி உரிமையாளரின் வங்கியையோ, வாடகைக்கு இருப்பவரையோ, வீடு விற்பனையில் இருந்தால் வழக்கறிஞரையோ நியமிக்க ஐராஸுக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டு. அப்படி வந்த கடிதம்தான் அது. அன்றைக்கு எனக்கு வந்தது கோபம் இல்லை, வெட்கம். ஊர்விட்டு ஊர் வந்து குடும்பம் நடத்துகிற பிள்ளை, எங்கள் பாக்கிக்காகப் பயந்துபோய் நிற்கிறார். அம்மாவிடம் சொன்னபோது அவர் முகம் செத்துப்போனது. “அப்பா இருந்த வரைக்கும் ஒரு காசு யாருக்கும் பாக்கி வச்சதில்லையே” என்றார். அதையே அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

உங்களுக்கு இப்படி வந்தால் முதலில் வாடகைக்கு இருப்பவரிடம் பேசுங்கள். அவருக்கு எந்தக் குற்றமும் இல்லை என்பதையும், கடிதத்தில் சொன்னபடி அவர் கட்டும் தொகை வாடகையாகவே கணக்காகும் என்பதையும் எழுத்தில் கொடுங்கள், வாட்ஸ்அப்பில் இருந்தாலும் போதும். எங்கள் முகவர் அவரிடம், “கவலைப்படாதீங்க, எப்பவும் போல வாடகையை வீட்டுக்காரருக்கே குடுங்க” என்று சொல்லி வைத்திருந்தார். இது ஆபத்தான யோசனை. அந்தக் கடிதத்தை மீறி உரிமையாளருக்குப் பணம் கொடுத்தால் பொறுப்பு அந்த அப்பாவியின் தலையில் விழும். பாக்கி தீர்ந்து, கடிதத்தை விலக்கிக்கொண்டதாக ஐராஸ் தெரிவிக்கும் வரை அவர் நமக்கு வாடகை கொடுக்காமல் இருப்பதே அவருக்கு நல்லது.

அப்படியானால் எங்களுக்கு வர வேண்டிய பில்கள் எங்கே போயின? இதைக் கண்டுபிடிக்கத்தான் அதிக நேரம் பிடித்தது. தாளில் வந்தவை செம்பவாங் வீட்டு அஞ்சல் பெட்டிக்குப் போயிருக்கின்றன. அந்தக் குடும்பம் அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கக்கூடாது என்று ஒழுங்காகக் காலணி அலமாரியில் அடுக்கி வைத்திருந்தது. முகவர் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தாராம். மின்னிலக்க அறிவிப்புகளோ அம்மாவின் சிங்பாஸில் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கில்) இருந்த கைப்பேசி எண்ணுக்கு. அந்த எண் அப்பாவுடையது. அப்பா காலமானதும் அண்ணன் அந்த இணைப்பைத் துண்டித்துவிட்டிருந்தான். எங்கள் வீட்டைப் போல ஒரே கைப்பேசி எண்ணை இருவருக்கும் கொடுத்து வைத்திருக்கும் வயதான தம்பதிகள் எத்தனை பேரோ. பெற்றோர் வீட்டுக்குப் போனால் முதலில் அதைப் பாருங்கள். ஒருவரது எண்ணைத் துண்டிக்கும் முன் மற்றவரது சிங்பாஸ், வங்கி, மருந்தகம் எல்லாவற்றிலும் புதிய எண்ணைப் பதிந்துவிட வேண்டும்.

அம்மாவின் சிங்பாஸைச் சரிசெய்தது தனி அனுபவம். பழைய எண்ணுக்குக் கடவு எண் போய்க்கொண்டே இருக்கும், நமக்கு வராது. முகத்தைக் காட்டி அடையாளம் உறுதிசெய்யும் வழியில்தான் முடிந்தது. அம்மாவுக்குக் கண் கண்ணாடியைக் கழற்றினால் திரை தெரியாது, கழற்றாவிட்டால் இயந்திரம் ஏற்காது. சமூக மன்றத்தில் மூத்தோருக்கு உதவும் மின்னிலக்கத் தூதர் ஒருவர், சின்னப் பெண், பொறுமையாக அம்மாவின் தாடையைத் தாங்கிப் பிடித்து முடித்துக் கொடுத்தாள். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. அதன் பிறகு ஐராஸின் மைடாக்ஸ் போர்ட்டலுக்குள் நுழைந்ததும் எல்லாம் வரிசையாகத் தெரிந்தது. 2024 டிசம்பரில் வந்த 96 வெள்ளி பில், அது கட்டப்படாததற்கு 5 விழுக்காடு அபராதம் 4 வெள்ளி 80 காசு. வாடகைக்கு விட்ட பிறகு திருத்தி அனுப்பிய கூடுதல் 1,704 வெள்ளி, அதற்கும் 5 விழுக்காடு, 85 வெள்ளி 20 காசு. ஆக 1,890.

இதைப் பார்த்ததும் நேராகக் கட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் வீட்டில் அப்படி எதுவும் நேராக நடப்பதில்லையே. அண்ணனிடம் சொன்னேன். வரி பில்லையே அதிகமாகப் போட்டுவிட்டார்கள், எதிர்த்துப் போராட வேண்டும் என்றான் அவன். வாடகையை நான்தான் வாங்குகிறேன், அதனால் நான்தான் கட்ட வேண்டும் என்றும் ஒரு பேச்சு வந்தது. அந்த வாடகையில்தான் பணிப்பெண்ணின் சம்பளம் போகிறது என்பது அவனுக்கும் தெரியும். சமூக ஊடகத்தில் விளம்பரம் பார்த்து, வரிப் பாக்கியைப் பேசிக் குறைத்துத் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் அவனே அங்கிருந்து 380 வெள்ளி அனுப்பிவிட்டான்.

அந்த மனிதர் செய்தது என்ன தெரியுமா? ஆண்டு மதிப்பை எதிர்த்து மறுப்புக் கடிதம் ஒன்று எழுதிக் கொடுத்தார். அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நாங்கள் வாங்கும் வாடகை வருடத்துக்கு 40,800 வெள்ளி. ஐராஸ் வைத்திருக்கும் ஆண்டு மதிப்பு 15,000. அதைக் குறையுங்கள் என்று நாமே போய்க் கேட்டால் எங்கே நிற்பது? மதிப்பு உண்மையிலேயே அதிகமாகத் தெரிந்தால், அக்கம்பக்கத்தில் அதே மாதிரி வீடுகளின் வாடகையோடு ஒப்பிட்டு நாமே போர்ட்டலில் இலவசமாக மறுப்புத் தெரிவிக்கலாம், அதற்கு யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை. முக்கியமாக, மறுப்புத் தெரிவித்திருந்தாலும் பில் தொகையை உரிய தேதிக்குள் கட்டித்தான் ஆக வேண்டும். பிறகு குறைத்தால் திருப்பித் தருவார்கள். அந்த மனிதர் இதைச் சொல்லவே இல்லை. “முடிவு வர்ற வரைக்கும் கட்டாதீங்க” என்றார். நான் அந்தக் கடிதத்தை அனுப்பவில்லை. 380 வெள்ளி திரும்பி வரவும் இல்லை.

எனக்கு உண்மையான உதவி கிடைத்தது எதிர்பாராத இடத்தில். பக்கத்து புளோக்கின் கீழே நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நடக்கும். அங்கே போய் உட்கார்ந்தேன். தொண்டூழியராக இருந்த ஒரு வயதான தமிழ் மாமா என் காகிதங்களை எல்லாம் பொறுமையாகப் பார்த்தார். “அவங்களுக்குக் கடிதம் எழுதித் தர்றோம்மா, ஆனா பதில் வர நாளாகும். உன் கையில் கட்டக் காசு இருக்கா?” என்றார். இருக்கிறது என்றேன். “அப்போ இங்க எதுக்கு உட்கார்ந்திருக்க? நாளைக்குக் காலையில அவங்களுக்கே போன் போடு. கட்டிட்டு அபராதத்தைக் கேளு” என்றார். அவர் சொன்ன அந்த வரிசைதான் முக்கியம். அதே மாமா இன்னொன்றும் சொன்னார். கட்டவே வழியில்லாதவர்கள்தான் இங்கே முதலில் வர வேண்டும், அவர்களுக்குச் சமூகச் சேவை அலுவலகம், சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) என்று உதவியை இணைத்துக் கொடுக்க முடியும்.

மறுநாள் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஐராஸுக்கு அழைத்தேன். அம்மாவின் பெயரில் உள்ள வரி என்பதால் அவரே அடையாளத்தை உறுதிசெய்து, என் மகள் பேசட்டும் என்று சொல்ல வேண்டியிருந்தது. அழைக்கும் முன் பில்லில் உள்ள சொத்து வரிக் குறிப்பு எண், அம்மாவின் அடையாள அட்டை, அப்பாவின் இறப்புச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம் நான்கையும் மேசையில் வைத்துக்கொண்டேன். பேசிய அதிகாரி கடுமையாக இருப்பார் என்று பயந்தேன், அப்படி ஒன்றுமில்லை. மூன்று விஷயங்கள் கேட்டேன். பாக்கியை இன்றே கட்டினால் வாடகைக்கு இருப்பவருக்குப் போன கடிதத்தை எப்போது விலக்குவீர்கள்? இனி பில்கள் எந்த முகவரிக்கும் எந்த எண்ணுக்கும் வரும்? அபராதத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்க வழி என்ன? மூன்றுக்கும் தெளிவாகப் பதில் கிடைத்தது.

பேநவ் என்ற உடனடிப் பணமாற்று வழியில் அன்றே 1,890 வெள்ளியும் கட்டினேன், என் சேமிப்பிலிருந்து. அடுத்த வாடகைத் தேதிக்கு முன்பே அந்தத் தம்பிக்கு விலக்கல் கடிதம் வந்துவிட்டது. அப்புறம்தான் எனக்குத் தூக்கம் வந்தது. ஒரே தடவையில் கட்ட முடியாதவர்கள் பாக்கியைத் தவணையில் கட்ட அனுமதி கேட்டு மைடாக்ஸ் போர்ட்டலிலேயே விண்ணப்பிக்கலாம். அதையும் கடிதம் வாடகைக்காரருக்கோ வங்கிக்கோ போவதற்கு முன்பே கேட்பது நல்லது. இன்னொன்று, மசேநி (மத்திய சேம நிதி) சேமிப்பில் பணம் இருக்கிறதே, அதிலிருந்து கட்டலாமா என்று அம்மா கேட்டார். வீட்டுக் கடனுக்கு முடியும், சொத்து வரிக்கு முடியாது.

அபராதத் தள்ளுபடிக்குப் போர்ட்டலில்தான் விண்ணப்பித்தேன். வரியைக் கட்டி முடித்த பிறகு கேட்பதுதான் முறை. கண்ணீர்க் கதை எழுதவில்லை. அப்பா இறந்த தேதி, கணக்கு முடங்கியது, இதற்கு முன் தாமதமே இல்லாமல் கட்டி வந்தது, இனிமேல் அம்மாவின் கணக்கில் ஜைரோ போட்டாகிவிட்டது, இவ்வளவுதான். அந்தக் கடைசி வரி வேலை செய்தது என்று நினைக்கிறேன். 85 வெள்ளி 20 காசு திரும்பக் கிடைத்தது. மற்ற 4 வெள்ளி 80 காசை நான் கேட்கவே இல்லை. அதற்கும் ஒரு விண்ணப்பம் எழுதுகிற தெம்பு அன்றைக்கு இல்லை.

வாடகைக்கு விட்டதன் இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் போனால் பாதிக் கதைதான். வாடகை அம்மாவின் வருமானம், அதை வருமான வரிப் படிவத்தில் காட்ட வேண்டும். உண்மையான செலவுகளைக் காட்டிக் கழிக்கலாம், அல்லது ரசீதுகளைத் தேடாமல் மொத்த வாடகையில் 15 விழுக்காட்டைச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம், வீட்டுக் கடன் வட்டி இருந்தால் அதைத் தனியாக. எங்களுக்கு 15 விழுக்காடு என்றால் 6,120 வெள்ளி, சொத்து வரி, காப்புறுதி, குழாய் பழுது எல்லாம் சேர்ந்தாலும் அவ்வளவு வராது, அதனால் அதையே எடுத்தோம். அந்த வழியில் போனால் 1,800 வெள்ளி சொத்து வரியை மறுபடி தனியாகக் கழிக்க முடியாது. என் தலையில் விழுந்த அடி வேறு. அம்மா என்னோடு இருப்பதால் எனக்குப் பெற்றோர் வரி நிவாரணம் 9,000 வெள்ளி கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். பெற்றோரின் ஆண்டு வருமானம் 8,000 வெள்ளியைத் தாண்டினால் அது கிடையாது. வாடகை வந்ததுமே அந்த நிவாரணம் போய்விட்டது. வாடகை 3,400, அதில் கையில் நிற்பது எவ்வளவு என்று உட்கார்ந்து கணக்குப் போட்ட பிறகு அண்ணனின் குரலும் கொஞ்சம் இறங்கியது. 1,890இல் பாதியை அனுப்பி வைத்தான்.

இந்தச் சமயத்தில்தான் என் கைப்பேசிக்கு, சொத்து வரித் தள்ளுபடி வந்திருக்கிறது, இணைப்பைத் தட்டி வங்கி விவரம் கொடுங்கள் என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. பாக்கிக் கவலையில் இருக்கிற மனிதருக்குத் தள்ளுபடி என்ற சொல் எவ்வளவு இனிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 2024 ஜூலை முதல் பெரும்பாலான அரசாங்கக் குறுஞ்செய்திகள் ‘கவ்.எஸ்ஜி’ என்ற ஒரே அனுப்புநர் பெயரில்தான் வருகின்றன, இது ஏதோ ஓர் எண்ணிலிருந்து வந்திருந்தது. சந்தேகம் வந்தால் 1799 என்ற எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம். எது வந்தாலும் இணைப்பைத் தட்டாமல், நாமாகப் போர்ட்டலுக்குள் போய்ப் பாக்கி இருக்கிறதா, வரவு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நான் இப்போது செய்வது.

எங்களுக்கு வீடு கூட்டு உரிமையில் இருந்ததால் உரிமை மாற்றம் சுலபமாக முடிந்தது. தனித்தனிப் பங்காக உரிமை வைத்திருப்பவர்களுக்கு அப்படி இல்லை. இறந்தவரின் பங்கு உயிலின்படியோ சட்டப்படியோ போகும், அதற்கு நீதிமன்ற ஆணை வாங்க வேண்டும், அது வரும் வரை வரி நின்றுகொண்டிருக்காது. வீட்டை விற்கும்போது வழக்கறிஞர்கள் முதலில் பார்ப்பதும் சொத்து வரி பாக்கி இருக்கிறதா என்றுதான், ஏனென்றால் அந்தப் பாக்கி வீட்டோடு ஒட்டிக்கொண்டு வரும். இந்த நிலையில் இருப்பவர்கள் சமூக மன்றங்களில் நடக்கும் இலவச சட்ட ஆலோசனைக்குப் பெயர் பதிந்து ஒருமுறை கேட்டுவிடுங்கள். விளம்பரத்தில் வருகிறவருக்கு 380 வெள்ளி கொடுப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

இப்போது அம்மாவின் கணக்கில் மாதத்தின் 6ஆம் தேதி சொத்து வரித் தவணை ஜைரோவில் போகிறது. முகவரி என் வீடு, கைப்பேசி எண் அம்மாவுடையது, மின்னஞ்சல் என்னுடையது. டிசம்பரில் புது பில் வந்ததும் ஆண்டு மதிப்பையும் விகிதத்தையும் நானும் அண்ணனும் காணொளி அழைப்பில் சேர்ந்து பார்க்கிறோம். அம்மாவோ ஒப்பந்தம் முடிந்ததும் செம்பவாங்குக்கே திரும்பிப் போக வேண்டும் என்கிறார், அங்கேதான் அவருக்குத் தெரிந்த கோயிலும் சந்தையும் இருக்கின்றன. போனால் குடியிருப்பு விகிதத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், அம்மா குடியேறும் அன்றே அதைச் செய்வதாக அண்ணனிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பணிப்பெண்ணின் சம்பளத்தை யார் கொடுப்பது என்பதுதான் இன்னும் பேசி முடியவில்லை.